ஏழு மணி நேரக் கணக்கும் எழுத முடியாத ஃபோல்டரும்

## பின்னணி

நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய குழு. நில அளவைத் தரவை வாங்கி அதிலிருந்து உயர வரைபடக் கட்டங்களை உருவாக்கும் ஒரு நிரலை சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறோம். கட்டளை வரியில் ஓடுவது. ஜன்னல், பொத்தான் எதுவும் கிடையாது. பகுதி பெரிதாக இருந்தால் ஆறேழு மணி நேரம் எடுக்கும். அதனால் பெரும்பாலானவர்கள் சாயங்காலம் கிளம்பும்போது ஓட விட்டுவிட்டு, காலையில் வந்து முடிவுக் கோப்பை எடுத்துக்கொள்வார்கள்.

இப்படி ஓடும் நிரலுக்கு ஒரு நியாயமான கவலை உண்டு. கணக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு, கடைசியில் எழுத இடமில்லை என்று நிற்கக் கூடாது. எனவே முதல் பதிப்பிலேயே, தொடங்கும்போது ஒரு சோதனை வைத்திருந்தோம். முடிவுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதில் எழுதலாமா என்று பார்ப்போம். இல்லையென்றால், அது உருவாக வேண்டிய ஃபோல்டரில் எழுதலாமா என்று பார்ப்போம். இரண்டுக்கும் லினக்ஸில் இருக்கும் 'ஆக்சஸ்' என்ற ஃபங்ஷனைத்தான் அழைத்தோம். எழுத முடியாது என்று அது சொன்னால் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு உடனே வெளியேறிவிடுவோம்.

நிரல் லினக்ஸில் பிறந்தது. விண்டோஸுக்குக் கொண்டுபோனபோது நான்தான் எல்லா நிரல் கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொதுத் தலைப்புக் கோப்பை எழுதினேன். அங்கே ஆக்சஸுக்குப் பதிலாக, முன்னால் அண்டர்ஸ்கோர் போட்ட ஆக்சஸ் இருக்கிறது. கம்பைல் ஆகும் முன் ஒரு பெயரை இன்னொரு பெயராக்கும் மேக்ரோவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றினேன். எழுதும் அனுமதிக்கு 2, படிக்கும் அனுமதிக்கு 4 என்று மாறிலிகளை வரையறுத்தேன். கம்பைல் ஆனது, ஓடியது, மறந்தும் போனேன்.

இயக்க அனுமதிக்கான 1 மட்டும் அப்போதே தகராறு செய்தது. துணை நிரல்களை ஓட்டுவதற்கு முன்னால் இதையும் கேட்டுக்கொண்டிருந்தோம். விண்டோஸின் அந்த ஃபங்ஷன் 0, 2, 4, 6 ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். வேறு எண்ணைக் கொடுத்தால் மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகம் செல்லாத அளவுரு என்று கருதி நிரலையே நிறுத்திவிடும். அப்போது நான் செய்த 'சரிசெய்தல்' வெட்கப்பட வேண்டிய ஒன்று. விண்டோஸில் இயக்க அனுமதியின் மதிப்பு 0 என்று எழுதிவிட்டேன். 0 என்றால் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. கேள்வியை மாற்றிவிட்டு விடையைப் பெற்றுக்கொண்டோம்.

## முதல் புகார்

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு நில அளவை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் மூத்த சர்வேயர்.

"சார், வெள்ளிக்கிழமை சாயந்தரம் போட்டுட்டுப் போனேன். ஏழு மணி நேரம் ஓடியிருக்கு. கடைசியில கோப்பைத் திறக்க முடியலைன்னு ஒரு வரி. முடிவு எங்கேயும் இல்ல."

அந்த ஒரு வரியும் உதவவில்லை. "கோப்பைத் திறக்க முடியவில்லை: பிழை இல்லை" என்று இருந்தது. திறப்பது தோற்றவுடன் எங்கள் பதிவு எழுதும் ஃபங்ஷன் முதலில் வேறு சில வேலைகளைச் செய்துவிட்டு, அப்புறம்தான் எர்னோவை, அதாவது கடைசிப் பிழையின் எண் இருக்கும் மாறியை, படித்தது. அதற்குள் அந்த மதிப்பு மாறிவிட்டது. காரணத்தை நாங்களே அழித்துவிட்டுக் காரணத்தைத் தேடினோம்.

முதலில் நான் ஆன்டிவைரஸ் மீது பழி போட்டேன். விண்டோஸில் காரணம் புரியாதபோது எல்லோரும் செய்வதுதான். அந்த ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கச் சொன்னேன். சர்வேயரும் நம்பிச் செய்தார். அன்றிரவு மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஏழு மணி நேரம் வீணானது. இந்த இரண்டாவது இரவுக்கு முழுப் பொறுப்பு என்னுடையது.

## கவனித்தவை

எங்கள் விண்டோஸ் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தால் பிரச்சினையே வரவில்லை. வராதுதான்: நாங்கள் எல்லோரும் நிர்வாகி கணக்கில் உட்கார்ந்திருந்தோம், எழுதியதும் எங்கள் சொந்த ஃபோல்டரில்.

அந்த அலுவலகத்தில் முடிவுகள் சர்வரில் பகிரப்பட்ட ஒரு ஃபோல்டருக்குப் போகின்றன. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்தவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "அண்ணா, அந்த ஃபோல்டரோட அனுமதிப் பட்டியலை அவங்ககிட்ட வாங்கிப் பார்த்தோமா?" வாங்கவில்லை. ஐகேக்கல்ஸ் என்ற கட்டளையை ஓட்டி அனுப்பச் சொன்னோம். சர்வேயர் இருந்த பயனர் குழுவுக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே இருந்தது. சில நாட்களுக்கு முன்னால்தான் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் குழுக்களை மாற்றி அமைத்திருக்கிறார்.

சரி, எழுத அனுமதி இல்லை. அப்படியென்றால் தொடக்கத்தில் நாங்கள் வைத்த சோதனை ஏன் தடுக்கவில்லை?

விண்டோஸ் ஆவணத்தைத் திறந்து, அந்த ஃபங்ஷனின் விளக்கத்தை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். அது கோப்பின் 'படிக்க மட்டும்' என்ற பண்பை மட்டுமே பார்க்கிறது. பாதுகாப்பு அனுமதிப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஃபோல்டர் என்றால் அதுவும் இல்லை. விண்டோஸ் 2000 முதல் எல்லா ஃபோல்டர்களும் படிக்கவும் எழுதவும் கூடியவை என்றே அது எடுத்துக்கொள்கிறது. ஃபோல்டர் இருந்தால் போதும், எழுதலாம் என்று பதில் வந்துவிடும்.

முடிவுக் கோப்பு முதல்முறை உருவாகும்போது நாங்கள் கேட்டது ஃபோல்டரைப் பற்றித்தான். ஆக, புதிய கோப்பு என்றால் விண்டோஸில் எங்கள் சோதனை, ஃபோல்டர் இருக்கிறதா என்பதைத் தாண்டி எந்த நாளிலும் எதையும் சோதித்ததில்லை. பல பதிப்புகளாக அது ஆமாம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

தானியங்கிச் சோதனைகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை என்றும் பார்த்தோம். எழுத முடியாத ஃபோல்டரை உருவாக்கி, நிரல் மறுக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை இருந்தது. ஆனால் அது ஓடிய கன்டெய்னரில் (கணினிக்குள் தனியாகப் பிரித்த சூழல்) பயனர் ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள கணக்கு. லினக்ஸில் ரூட்டுக்குப் படிக்கும், எழுதும் அனுமதி பிட்டுகள் தடை இல்லை. அதனால் சோதனை தோற்றது. யாரோ ஒருவர் 'ரூட் என்றால் தாண்டிப் போ' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. அறிக்கையில் மட்டும் பச்சை நிறம்.

## லினக்ஸில் இருந்த எதிர்ப் பிழை

விண்டோஸ்தான் குற்றவாளி என்று நாங்கள் நினைத்திருந்த அதே வாரத்தில், ஒரு லினக்ஸ் பயனர் வேறு ஒன்றைச் சொன்னார். அவர்கள் இடத்தில் எங்கள் நிரலுக்கு செட்-ஜிஐடி பிட் (யார் ஓட்டினாலும் நிரல் கோப்பின் குழுவுக்குரிய உரிமையோடு ஓட வைப்பது) போட்டு, 'முடிவுகள்' என்ற குழுவின் பேரில் நிறுவியிருந்தார்கள். பொது ஃபோல்டரில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது, நிரல் வழியாக மட்டும் எழுத வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிரல் தொடக்கத்திலேயே எழுத முடியாது என்று வெளியேறிவிடுகிறது. ஒரு வழியும் தெரியாமல் அந்த ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

காரணம் ஆக்சஸின் அடிப்படை வடிவமைப்பிலேயே இருக்கிறது. அது பார்ப்பது பயனரின் மெய்யான அடையாளத்தை, அதாவது நிரலை ஓட்டுகிறவர் யார் என்பதை. கோப்பைத் திறக்கும்போது கர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) பார்ப்பதோ செயல்படு அடையாளத்தை, அதாவது நிரல் யாருடைய உரிமையோடு ஓடுகிறது என்பதை. செட்-யூஐடி (குழுவுக்குப் பதில் கோப்பின் உரிமையாளர் பேரில் ஓட வைப்பது), செட்-ஜிஐடி நிரல்களில் இரண்டும் வேறுவேறு. 'என்னை ஓட்டுகிறவருக்கு இந்த உரிமை உண்டா' என்று அத்தகைய நிரல் கேட்டுக்கொள்வதற்காக வந்த ஃபங்ஷன் இது. 'என்னால் முடியுமா' என்ற கேள்விக்கு அதைப் பயன்படுத்தியது எங்கள் தவறு. போதாததற்கு, கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் கோப்பை மாற்றிவிட முடியும் என்பதால், அது பிறந்த வேலைக்கே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று லினக்ஸ் கையேடு எச்சரிக்கிறது.

ஒரே ஃபங்ஷன். ஓர் இடத்தில் முடியாததை முடியும் என்றது. இன்னோர் இடத்தில் முடிவதை முடியாது என்றது.

## எடுத்து, பிறகு கைவிட்ட முடிவுகள்

மூன்று வழிகளை யோசித்தோம். மூன்றையும் விட்டோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பாதையில் மற்றவர்களும் இறங்கக்கூடும்.

முதல் யோசனை, கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் ஃபங்ஷனால் பர்மிஷன் பிட்டுகளை எடுத்து நாமே கணக்குப் போடுவது. ஒரு மதியத்திலேயே இதை ஒதுக்கினோம். லினக்ஸில் பிட்டுகளுக்கு மேல் தனி அனுமதிப் பட்டியல் இருக்கலாம். வட்டுப் பகுதியே படிக்க மட்டும் என்று ஏற்றப்பட்டிருக்கலாம். மாற்றக் கூடாது என்ற பண்பு கோப்பில் போடப்பட்டிருக்கலாம். விண்டோஸிலோ அந்தப் பிட்டுகளே கற்பனை: உரிமையாளர் எண் எப்போதும் 0 என்று வரும், இயக்க பிட் கோப்பின் பின்னொட்டைப் பார்த்துப் போடப்படும்.

இரண்டாவது யோசனை குழுவின் மூத்தவருடையது. லினக்ஸில் எஃப்-ஆக்சஸ்-அட் என்ற ஃபங்ஷனுக்கு, செயல்படு அடையாளத்தைப் பார் என்று ஒரு கொடி கொடுக்கலாம். செட்-ஜிஐடி பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். அதை எழுதினோம், சரியாக வேலை செய்தது. ஆனால் சோதனைக் கன்டெய்னரின் படிமத்தை ஆல்பைன் என்ற லினக்ஸ் வகையின் 3.14 பதிப்புக்கு மாற்றியதும் எல்லாக் கோப்புக்கும் 'அனுமதியில்லை' என்று வர ஆரம்பித்தது. அந்தக் கொடிக்காக லினக்ஸ் 5.8இல் ஒரு புதிய கர்னல் அழைப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் சோதனை சர்வரில் கன்டெய்னரை ஓட்டிய பழைய டாக்கருக்கு அந்த அழைப்பே தெரியாது. தெரியாத அழைப்புக்கு 'இப்படி ஒன்று இல்லை' என்று அது சொல்லியிருந்தால் சி நூலகம் பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். அதுவோ 'அனுமதியில்லை' என்று சொன்னது. கோப்பில் ஒரு குறையும் இல்லை, கேட்கவே விடவில்லை. டாக்கரைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வி கேட்கும் முறை மீதே நம்பிக்கை குறைந்தது.

மூன்றாவதில்தான் அதிக நேரம் போனது. புதியவர் விண்டோஸில் முறையாகவே செய்து பார்க்கலாம் என்றார். ஃபோல்டரின் பாதுகாப்பு விவரத்தை எடுப்பது, நமது டோக்கனை (பயனர் யார், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பதிவு) எடுத்து நகல் செய்வது, பொது உரிமைகளைக் கோப்பு உரிமைகளாக மாற்றுவது, பிறகு ஆக்சஸ்-செக் என்ற விண்டோஸ் ஃபங்ஷனை அழைப்பது. ஒரு வாரம் உட்கார்ந்து நேர்த்தியாக எழுதினார். உள்ளூர் வட்டில் பிசகில்லாமல் ஓடியது.

பகிர்ந்த ஃபோல்டரில் மாட்டிக்கொண்டது. விண்டோஸில் பகிர்வுக்கென்று தனி அனுமதி உண்டு. வட்டின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸின் அனுமதி வேறு. இரண்டும் அனுமதித்தால்தான் எழுத முடியும். நாங்கள் படித்த பட்டியலில் பகிர்வின் அனுமதி இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் டோக்கனில் இருந்தது. எங்கள் கணினியில் இருக்கும் டோக்கன் ஒன்று. சர்வர் அந்தப் பயனருக்காகத் தன்னிடம் உருவாக்கிக்கொள்ளும் டோக்கன் இன்னொன்று. சர்வரின் உள்ளூர்க் குழு ஒன்றின் மூலம் அவருக்கு உரிமை வந்தால், அது எங்கள் டோக்கனில் தெரியாது. ஆக, இதுவும் இரண்டு பக்கமும் தவறியது. முடிவெடுப்பது சர்வர்; நாங்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு அதன் முடிவை ஊகித்துக்கொண்டிருந்தோம்.

புதியவருக்கு வருத்தம்தான். "ஒரு வாரம் போச்சு அண்ணா" என்றார். போகவில்லை என்று நான் சொன்னதை அவர் அப்போது நம்பவில்லை. அவர் எழுதிய நிரல் பகுதி எங்கும் சேர்க்கப்படவில்லை, ஆனால் அதை எழுதிப் பார்க்காமல் அடுத்த முடிவுக்கு நாங்கள் வந்திருக்க மாட்டோம்.

## நிலைத்த முடிவு

எழுதலாமா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, முதல் நிமிடத்திலேயே எழுதத் தொடங்கிவிடுவது என்று தீர்மானித்தோம். கணக்கு தொடங்கும் முன்பே முடிவுக் கோப்பு போக வேண்டிய அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குவோம். அதைத் திறந்தபடியே வைத்துக்கொள்வோம். கணக்கு முடிந்ததும் அதில் எழுதி, வட்டுக்குத் தள்ளி, மூடி, உரிய பெயருக்கு மாற்றுவோம். உருவாக்க முடியவில்லையென்றால் அனுமதி இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும், அதைச் சொல்வதும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள கர்னலோ சர்வரோதான்.

அதே ஃபோல்டர் என்பது முக்கியம். கணினியின் பொதுத் தற்காலிக இடத்தில் வைத்தால் ஒன்றும் நிரூபணமாகாது. பெயர் மாற்றுவதும் ஒரே வட்டுப் பகுதிக்குள்தான் ஒரே அடியில் நடக்கும்.

இதற்கு முன் புதியவர் ஒரு சுருக்கு வழி போட்டுப் பார்த்தார்: முடிவுக் கோப்பையே எஃப்-ஓப்பனில் 'டபிள்யூ' முறையில் திறந்து மூடிப் பார்ப்பது. திறந்தது. திறக்கும்போதே முந்தைய நாள் முடிவைக் காலி செய்தும் விட்டது. எங்கள் மாதிரித் தரவில்தான் நடந்தது என்பதால் சிரித்துவிட்டு விட்டோம். 'ஏ' முறை காலி செய்யாது, ஆனால் கோப்பு இல்லாத இடத்தில் பூஜ்ய பைட் கோப்பு ஒன்றை விட்டுச் செல்லும்.

செயல்படுத்தும்போது இரண்டு பக்கமும் வேறுவேறாக எழுத வேண்டியிருந்தது. லினக்ஸிலும் மேக்கிலும், ஏற்கெனவே இருந்தால் தோற்றுவிடு என்ற கொடியுடன் ஓப்பன். விண்டோஸில் புதிதாக மட்டும் உருவாக்கு என்ற முறையில் கிரியேட்ஃபைல். பெயர் மாற்றுவதிலும் வித்தியாசம்: லினக்ஸும் மேக்கும் பின்பற்றும் போசிக்ஸ் தரத்தின் ரீநேம் பழைய கோப்பின் மேல் எழுதும், விண்டோஸ் சி நூலகத்தின் ரீநேம் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் தோற்கும். அங்கே மூவ்ஃபைல்-எக்ஸைப் பழையதை மாற்று என்ற கொடியுடன் அழைத்தோம்.

கிரியேட்ஃபைலின் யூனிகோடு வடிவத்துக்கு மாறியதில் கேட்காத ஒரு நன்மையும் கிடைத்தது. சில அலுவலகங்களில் ஃபோல்டர்களுக்குக் கிராமப் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தார்கள். விண்டோஸில் தமிழுக்குப் பழைய வகைக் குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) கிடையாது. தமிழ் யூனிகோடு வழியாக மட்டுமே வரும். எங்கள் பழைய சோதனை அந்தப் பெயர்களைக் கேள்விக்குறிகளாக ஆக்கிவிட்டு, ஃபோல்டரே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது. 'தமிழ்ப் பெயர் வைக்காதீர்கள்' என்று எங்கள் உதவிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டோம்.

ஃபோல்டரில் புதிய கோப்பு உருவாக்க அனுமதி இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் கோப்பில் எழுத அனுமதி உண்டு என்ற நிலையும் வரலாம். அப்போது, இருக்கும் கோப்பைக் காலி செய்யாமல் எழுதும் உரிமையோடு திறந்து பிடித்துக்கொண்டு, கடைசியில் நேரடியாக அதன் மேல் எழுதுவது என்று முடிவு செய்தோம். நடுவில் மின்சாரம் போனால் பாதி பழையது பாதி புதியது ஆகிவிடும். அதற்கு ஓர் எச்சரிக்கை வரி மட்டும் காட்டுகிறோம். இது அரைகுறை ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை.

பிழைச் செய்திகளையும் திருத்தினோம். தோற்ற அடுத்த வரியிலேயே பிழை எண்ணை ஒரு மாறியில் எடுத்துவைக்கிறோம். விண்டோஸில் எர்னோவை நம்பவில்லை. அனுமதி மறுப்பு என்ற 5, வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்ற 32 இரண்டையும் சி நூலகம் ஈ-ஆக்சஸ் என்ற ஒரே எர்னோ மதிப்பாக ஆக்கிவிடுகிறது. பயனருக்கோ இரண்டும் முற்றிலும் வேறு: ஒன்றுக்கு நிர்வாகியைக் கூப்பிட வேண்டும், மற்றொன்றுக்கு விரிதாளை மூடினால் போதும்.

எழுதி முடித்து மூடும்போது எஃப்-குளோஸ் தரும் மதிப்பையும் இப்போது பார்க்கிறோம். வட்டு நிரம்புவதும் ஒதுக்கீடு தீர்வதும் எந்த அனுமதிச் சோதனையிலும் தெரியாது. வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில், எழுதும்போது நேர்ந்த பிழை மூடும்போதுதான் வெளியே வரலாம்.

இயக்க அனுமதியை முன்கூட்டிக் கேட்பதை எல்லாத் தளங்களிலும் எடுத்துவிட்டோம். துணை நிரலை ஓட்டிப் பார்க்கிறோம். ஓடவில்லையென்றால் ஏன் என்று சொல்கிறோம்.

உள்ளமைவுக் கோப்பைத் தேடும் இடத்திலும் ஆக்சஸ் இருந்தது. வீட்டு ஃபோல்டரில் இருப்பதைப் படிக்க முடியாவிட்டால் பொதுவானதுக்குப் போவோம். பயனரின் கோப்பு இருந்தும் அனுமதி கெட்டுப்போயிருந்தால், சத்தமில்லாமல் வேறு அமைப்போடு ஓடியிருக்கும். இப்போது நேராகத் திறக்கிறோம். இல்லை என்று வந்தால் மட்டும் அடுத்த இடம். அனுமதி இல்லை என்று வந்தால் அங்கேயே நிற்கிறோம்.

## பின்னர் நடந்தவை

சர்வேயரின் அலுவலகத்தில் புதிய பதிப்பை முதல்முறை ஓட்டியபோது உடனே நின்றது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று ஃபோல்டரின் முழுப் பெயரோடு காட்டியது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அனுமதியைச் சரிசெய்தார். அன்றிரவு ஓட்டம் முடிந்து, காலையில் முடிவு இருந்தது.

ஆனால் மாற்றம் தன் பங்குக்கு மூன்று புகார்களைக் கொண்டுவந்தது.

முதலாவது எங்கள் கவனக்குறைவு. லினக்ஸில் தற்காலிகக் கோப்பை முதலில் எம்கே-எஸ்டெம்ப் மூலம் உருவாக்கியிருந்தோம். அது உரிமையாளருக்கு மட்டும் என்று 0600 அனுமதியில் உருவாக்கும். பெயர் மாற்றிய பிறகும் அனுமதி அப்படியே இருக்கும். பக்கத்து மேசைக்காரரால் முடிவைத் திறக்க முடியவில்லை. அனுமதிப் பிழையைத் தீர்க்கப்போய் இன்னோர் அனுமதிப் பிழை. பிறகு பெயரை நாங்களே உருவாக்கி, 0666 (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்துத் திறந்து, மிச்சத்தை, புதிய கோப்பின் அனுமதியில் வேண்டாதவற்றைக் கழிக்கும் யூமாஸ்க் அமைப்பிடம் விட்டோம்.

இரண்டாவது விண்டோஸில். பழைய முடிவை யாராவது திறந்து வைத்திருந்தால் பெயர் மாற்றம் தோற்றது. சில நேரம் ஆன்டிவைரஸ் புதிய கோப்பை ஒரு கணம் பிடித்திருந்தாலும் தோற்றது. ஆன்டிவைரஸை முதலில் பொய்யாகக் குற்றம் சாட்டிய எனக்கு, அது உண்மையாகவே சிக்கியபோது யாரும் நம்பவில்லை. சிறு இடைவெளி விட்டுச் சில முறை முயல்கிறோம். அப்படியும் முடியாவிட்டால் தற்காலிகக் கோப்பை அழிக்காமல், முடிவு இந்தப் பெயரில் இருக்கிறது என்று காட்டுகிறோம். கணக்கு வீணாவதில்லை.

மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓர் அலுவலகத்தின் காப்பக ஃபோல்டரில் உருவாக்கலாம், எழுதலாம், அழிக்க மட்டும் கூடாது என்று அமைத்திருந்தார்கள். விண்டோஸில் பெயர் மாற்ற, அழிக்கும் உரிமை வேண்டும். உருவாகி, எழுதி, கடைசிப் படியில் நின்றது. முடிவு தற்காலிகப் பெயரில் பத்திரமாக இருந்ததால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. தனி வழி எதுவும் செய்யவில்லை. வேறு ஃபோல்டரில் எழுதி நகலெடுக்கச் சொல்லிவிட்டோம்.

மேக்கில் ஒன்று தானாகச் சரியானது. 2019இல் வந்த கேட்டலினா முதல், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களில் இருப்பதைப் படிக்கப் பயனரின் ஒப்புதல் வேண்டும். எங்கள் நிரல் எல்லைக் கோப்பு என்ற உள்ளீட்டை மூன்றாம் கட்டத்தில்தான் திறக்கும். பர்மிஷன் பிட்டுகளில் எல்லாம் சரியாக இருந்தும், ஒப்புதல் பெட்டி நள்ளிரவில் யாருமில்லாத திரையில் வந்து நின்றிருக்கிறது. புதிய முறையில் உள்ளீடுகளையும் தொடக்கத்திலேயே திறப்பதால், பெட்டி ஆள் இருக்கும்போதே வருகிறது.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஒரு ஃபங்ஷனை மேக்ரோவால் வேறு தளத்தின் ஃபங்ஷனாக மாற்றும்போது, பெயர் ஒத்துப்போகிறது என்பதைத் தாண்டி நான் எதையும் பார்க்கவில்லை. விண்டோஸ் ஆவணத்தில் அந்த ஒரு பத்தியை அன்று படித்திருந்தால் சர்வேயரின் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும். இயக்க அனுமதியை 0 என்று மாற்றியபோது ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம். அதுவும் இல்லை.

பயனரிடம் முதல் நாளே அனுமதிப் பட்டியலைக் கேட்டிருக்க வேண்டும். ஊகத்தை ஆலோசனையாகச் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதுபடுத்தவில்லை; ஆனால் அதற்குப் பிறகு சில வாரங்கள், ஓட்டும் முன் ஒருமுறை போன் செய்து, "இன்னைக்குப் போடலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டுதான் ஓட்டினார்.

சோதனைகள் இப்போது சாதாரணப் பயனராக ஓடுகின்றன. ரூட்டில் ஓடினால் தாண்டிப் போகாமல் தோற்கும்படி வைத்திருக்கிறோம். விண்டோஸில் ஒரு பகிர்வை அமைத்து, குறைந்த உரிமையுள்ள கணக்கில் ஓட்டுகிறோம். அதை அமைக்கத்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பொறுமை தேவைப்பட்டது.

தீராத ஒன்றும் இருக்கிறது. நிரலை நடுவில் கொன்றால் தற்காலிகக் கோப்பு ஃபோல்டரிலேயே கிடக்கும். லினக்ஸில் பெயரில்லாத கோப்பு உருவாக்கும் வசதி உண்டு, ஆனால் என்எஃப்எஸ்ஸில் கிடைப்பதில்லை; கடைசியில் பெயர் கொடுக்கும்போது பழைய கோப்பின் மேல் வைக்கவும் முடியாது. மீந்தவற்றைத் தானாக அழிக்கலாம் என்று மூத்தவர் சொல்கிறார். அது இன்னொருவரின் நடந்துகொண்டிருக்கும் ஓட்டமாக இருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்கிறேன். முடிவு எட்டவில்லை.

பொதுத் தலைப்புக் கோப்பில் இருந்த அந்த மேக்ரோக்களை எடுத்துவிட்டோம். அவற்றின் இடத்தில், ஆக்சஸ் என்ற பெயரை நிரலில் எங்கு எழுதினாலும் கம்பைலர் பிழை தரும்படி ஜிசிசியின் பாய்சன் கட்டளையைப் போட்டிருக்கிறோம். போட்ட அன்று பில்டு உடைந்தது: தரவுக் கட்டமைப்பு ஒன்றில் அதே பெயரில் ஒரு புலம் இருந்தது. அதன் பெயரை மாற்றினோம்.